மலர் அட்டைகளில் எழுத்துக்கு இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நூல் அறிமுகப் பகுதியில் அட்டைகளை ஒரு பத்தி அகலத்துக்குள் அடக்கி அச்சிடுகிறீர்கள். இட நெருக்கடி புரிகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அளவில் பல அட்டைகள் என்ன புத்தகம் என்றே தெரியாத சாம்பல் கட்டங்களாகி விடுகின்றன. செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சி விரிக்கும் என்பதால் படத்தை நுண்புள்ளிகளாக்கும் ஸ்கிரீனில் அங்குலத்துக்கு 85 முதல் 100 புள்ளி வரிகள்தான் ஏற்ற முடியும். அட்டைக்குரிய பூச்சுள்ள தடித்த தாளான ஆர்ட் போர்டில் அதுவே 150, 175 வரை போகும். கோபுரம், அதன் பின்னால் உதயசூரியன், வட்டத்துக்குள் நிறுவனர், ஓரத்தில் ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை, இவை எல்லாவற்றின் மேலும் நிழல் போட்ட தலைப்பு என்று அடுக்கப்பட்ட அட்டை, மூன்று செ.மீ. அகலத்துக்குச் சுருங்கி 85 வரியில் அச்சானால் எது மிஞ்சும்? தலைப்பு மட்டும் பெரிதாக நிற்கும் அட்டை அந்த அளவிலும் படிக்க முடிகிறது. கைப்பேசியில் புத்தகம் வாங்குகிறவர்கள் பார்ப்பதும் ஏறக்குறைய இதே அளவைத்தான்.

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவதொரு சிறப்பு மலர் அச்சில் இருக்கும். குடமுழுக்கு மலர், மணிவிழா மலர், பள்ளி நூற்றாண்டு மலர், குடும்ப வரலாறு என்று வகைக்குக் குறைவில்லை. இவற்றை வெளியிடுவோரிடம் எழுத்தை மட்டும் வைத்து அட்டை செய்யலாம் என்றால் முதலில் வரும் பதில், “படம் போடக் காசில்லையோ என்று ஊர் பேசுமே” என்பது. எழுத்து மட்டும் உள்ள அட்டை வேலை மிச்சம் பிடிக்கும் வழியல்ல. படம் மறைத்துக்கொள்ளும் பிழைகள் எல்லாம் அதில் வெளியே தெரியும் என்பதால், வேலை கூடத்தான் செய்யும். அந்த வேலை என்ன, எங்கே தவறும் என்பதை மலர்க்குழுவினரும் அச்சகத்தாரும் அறிந்துகொள்ளட்டும் என்றே சற்று நீளமாக எழுதுகிறோம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்புப் பக்கங்கள் பெரும்பாலும் வெறும் எழுத்தாலும் கோடுகளாலும் ஆனவைதான். தலைப்பு ஓர் அளவு, ஆசிரியர் ஓர் அளவு, பார்வையிட்டவர் ஓர் அளவு, அச்சுக்கூடம் அடியில் என்று வரிகளின் அளவு வேறுபாட்டிலேயே யார் எவர் என்பதைச் சொல்லிவிடுவார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த பெருந்தொகுப்பு இன்று சென்னையில் அவர் பெயரிலான ஆய்வு நூலகமாக இருக்கிறது. அவரே விளம்பரப் பலகை எழுதும் தொழில் பயின்றவர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய முகப்புகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மேல்நாட்டில் 1935இல் தொடங்கிய பெங்குவின் நிறுவனம், மேலும் கீழும் நிறப்பட்டை, நடுவில் வெள்ளைப் பட்டையில் தலைப்பு என்ற ஒரே அமைப்பில் புத்தகங்களைக் கொண்டுவந்தது. ஆரஞ்சு என்றால் புனைகதை, பச்சை என்றால் துப்பறியும் கதை. ஒரு சிறு பறவைச் சின்னம் தவிர வேறு படமில்லை. 1947இல் ஜெர்மானிய அச்செழுத்து வடிவமைப்பாளர் யான் ட்ஷிகோல்ட் அங்கே வேலைக்கு வந்தபோது முதலில் கை வைத்தது எழுத்துகளுக்கும் வரிகளுக்கும் இடையிலான இடைவெளியில்தான். ஆனால் ரோமன் எழுத்துக்கு அவர்கள் வகுத்த கணக்கை அப்படியே தமிழுக்கு எடுத்துவந்தால் அட்டை கெடும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. எழுத்துகளின் அகலமும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும்.

முதல் முடிவு, எந்தச் சொல் பெரிதாக வரவேண்டும் என்பது. நம் மலர்களின் தலைப்பு “அருள்மிகு” என்று தொடங்கி “பெருவிழாச் சிறப்பு மலர்” என்று முடிவதற்குள் எட்டுப் பத்துச் சொற்கள் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்தால் அது அழைப்பிதழ், அட்டையாகாது. ஊர்ப்பெயரையோ சுவாமி பெயரையோ ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து மிகப் பெரிதாக்க வேண்டும். மற்றவை அதில் மூன்றில் ஒரு பங்கு, ஆண்டும் வெளியிடுவோரும் ஐந்தில் ஒரு பங்கு என்று மூன்று அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். நான்காவது அளவு தேவைப்படுகிறது என்றால் அட்டையில் சொற்கள் அதிகம் என்று பொருள். மிச்சத்தை உள்ளே முதல் பக்கத்துக்கு அனுப்பிவிடலாம். அடுத்தடுத்த அளவுகளுக்குள் 24, 28, 32 பாயிண்ட் (எழுத்தளவின் அலகு, அங்குலத்துக்கு 72) என்று நெருங்கிய வேறுபாடு வைப்பதுதான் அதிகம் காணும் தவறு. அது கண்ணுக்குத் திட்டமிட்ட வேறுபாடாகத் தெரியாது, அளவு தவறிப்போனதாகத்தான் தெரியும்.

அடுத்தது அகலக் கணக்கு. நூல்களுக்கு வழக்கமான டெமி 1/8 அளவு அட்டையின் அகலம் ஐந்தரை அங்குலம். இருபுறமும் அரை அங்குலம் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது நாலரை அங்குலம், அதாவது 324 பாயிண்ட். “கானாடுகாத்தான்” என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். எழுத்து ஏழுதான். ஆனால் அவற்றில் நான்கு எழுத்துகளுக்குக் கால் உண்டு, னகரம் வேறு அகலம். சாதாரண அகலமுள்ள எழுத்துருவில் ஒரே வரியில் வைத்தால் 40 பாயிண்டைத் தொடுவதே கடினம். “கானாடு / காத்தான்” என்று இரு வரியாக்கினால் 70 பாயிண்ட் வரை போகலாம். பெயர் அந்த இடத்தில் இயல்பாகவே பிரிவதால் படிப்பவர் தடுமாறவும் மாட்டார். எல்லாப் பெயருக்கும் இந்த வசதி கிடையாது. “இளையாற்றங்குடி” என்பதை “இளையாற்றங்” என்று உடைத்தால் மேல் வரி ஙகர மெய்யில் தொங்கிக்கொண்டு நிற்கும். அதற்கு ஒன்று, ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துரு வேண்டும். அல்லது பெயரைத் தொண்ணூறு பாகை திருப்பி, எட்டரை அங்குல உயரத்தை ஓட்டி நிறுத்த வேண்டும். திருப்புவது ஒற்றைச் சொல்லுக்கு மட்டும் பொறுக்கும். இரண்டு சொல்லைத் திருப்பினால் வாசகர் கழுத்தைச் சாய்க்க மாட்டார், புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்.

வரி உடைக்கும்போது ஒற்றெழுத்தை மறக்கக் கூடாது. “செட்டிநாட்டுக் கட்டடக் கலை” மூன்று வரியானாலும் முதல் இரு வரிகளின் இறுதியிலும் க் இருந்தே ஆக வேண்டும். வரி தனியாகி விட்டது, ஒற்று எதற்கு என்று நீக்கிவிடும் பழக்கம் அச்சகங்களில் உண்டு. 10 பாயிண்டில் கண்ணுக்குத் தப்பும் சந்திப்பிழை, 70 பாயிண்டில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் படும்.

வரிக்கு வரி இடைவெளியை மென்பொருள் தரும் அளவில் விட்டுவிடக் கூடாது. பெரிய தலைப்பில் அது பெரும்பாலும் அளவுக்கு மீறியே இருக்கும்; வரிகள் ஒன்றோடொன்று உறவில்லாமல் மிதக்கும். மேல் வரியில் பு, யு, ழ, ற போல அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும் எழுத்துகள் எங்கே வருகின்றன, கீழ் வரியில் இகர ஈகாரக் கொக்கிகளும் புள்ளிகளும் எங்கே வருகின்றன என்று முதலில் பாருங்கள். இரண்டும் நேருக்கு நேர் வந்தால் எழுத்தளவில் 130 விழுக்காடு வரை இடைவெளி தேவைப்படும். நேருக்கு நேர் வராவிட்டால் 100 வரைகூட நெருக்கலாம். தலைப்பு ஒரே கட்டாக உட்காரும். ஒரே தலைப்பில் முதல் இடைவெளியும் இரண்டாம் இடைவெளியும் எண்ணிக்கையில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, பார்வைக்கு ஒன்றாக இருந்தால் போதும். இடது ஓரத்துக்கும் இதே விதிதான். ப, ட போன்றவை நேர்க்கோட்டில் தொடங்குகின்றன. கொம்பு வளைவில் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தால் கொம்புள்ள வரி உள்ளே தள்ளியிருப்பதுபோல் தோன்றும். அதை ஒரு மயிரிழை வெளியே நகர்த்த வேண்டும். டகரத்தின் வலது மேற்புறம் வெறுமையாக இருப்பதால், அடுத்த எழுத்தைச் சற்று நெருக்காவிட்டால் சொல்லுக்கு நடுவில் பொத்தல் விழுந்ததுபோல் இருக்கும்.

தடித்த எழுத்தில்தான் பொருளே மாறிப்போகும் ஆபத்து இருக்கிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு மேலே ஒரு சிறு சுழிதான். மிகத் தடித்த எழுத்துருவில், அதுவும் இருண்ட தரையில் (பின்னணி நிறத்தில்) வெள்ளையாக விடும்போது, சுற்றிலும் உள்ள மை பரவி அந்தச் சுழி அடைபடும். பேறு பெறுவாகும், கேடு கெடுவாகும். புள்ளிக்கும் இதே கதிதான். 9 பாயிண்டில் வெள்ளை எழுத்தாக வைத்த ஆசிரியர் பெயரில் புள்ளி மூடிப்போனால், அவர் பெயர் மெய்யெழுத்தில்லாமல் போய்விடும். ரகரத்தின் அடியில் உள்ள வால் சில நவீன எழுத்துருக்களில் இருப்பதே தெரியாது. அங்கே ர எது, கால் எது என்று சொல்ல முடியாது. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் தே, தெ, ஏ, எ, ஓ, ஒ, ர, றா, ஞ, ணை ஆகியவற்றை அடித்து, வேண்டிய தடிமனிலும் வேண்டிய நிறத்திலும் அச்சிட்டுப் பாருங்கள். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது இதற்குப் பயன்படாது.

எழுத்துரு விஷயத்தில் இப்போது ஏழ்மை இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. விற்பனைக்குள்ள புத்தகத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அனெக் தமிழில் தடிமனை மட்டுமன்றி அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். நீளமான ஊர்ப்பெயருக்கு அது கைகொடுக்கும். இணையத்தில் கிடைக்கும் மற்றவற்றில் “தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்” என்ற நிபந்தனை உள்ளவை புத்தக அட்டைக்கு ஆகாது. ஒரே குடும்பத்தில் இரண்டு தடிமன் போதும். இரண்டு குடும்பம் சேர்க்க வேண்டுமானால் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியட்டும். ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும் இரண்டைச் சேர்ப்பது, அச்சகத்தில் எழுத்துரு மாறிப்போய்விட்டது என்ற எண்ணத்தைத்தான் தரும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்கு மென்பொருள் போலியாகத் தடிமன் ஏற்றும். அதில் சுழிகளெல்லாம் அடைந்துபோகும். 70 விழுக்காடாகப் பக்கவாட்டில் நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்து, படுக்கைக் கோடுகள் மட்டும் பழைய தடிமனில் நிற்கும். சாய்வெழுத்தும் அப்படியே. சாய்வாகவே வரையப்பட்ட எழுத்துரு கையில் இல்லையென்றால் இழுத்துச் சாய்க்க வேண்டாம்.

மென்பொருளால் வரும் கோளாறுகள் தனி. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் தெரியாது. இன்டிசைனில் பத்தி அமைப்பை வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்றாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஃபோட்டோஷாப்பிலும் அதற்கான அமைப்பு உண்டு. ஸ்கிரைபஸ் 1.5.3 பதிப்பிலிருந்து தமிழைச் சரியாகக் காட்டுகிறது. எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் டிராக்கிங் வசதியைத் தமிழில் அப்படியே பயன்படுத்தினால், பல மென்பொருள்கள் கொம்பையும் காலையும் தனி எழுத்தாகக் கருதி, “கொ” என்பதை மூன்று துண்டாக அகற்றி நிறுத்திவிடும். பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் இது எப்போதுமே நடக்கும். அகலமான இடைவெளி வேண்டுமென்றால் தலைப்பை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் ஒரு குழுவாகக் கட்டி, கையால் நகர்த்துவதே வழி. மாற்றும் முன் பிழைதிருத்தம் முடிந்திருக்க வேண்டும். பிறகு ஒரு எழுத்தைத் திருத்தவும் அது எழுத்தாக இருக்காது.

பழைய குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பில் இன்னும் இரண்டு பொறிகள். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக இரண்டு எழுத்தாக அடித்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இடைவெளி அகலும்; விற்பனைத் தளங்களில் ஔவை என்று தேடினால் புத்தகம் அகப்படாது. மற்றொன்று கோயில் மலர்களில் தவிர்க்க முடியாத ஸ்ரீ. இதற்கு இரண்டு விதமான உள்குறியீடுகள் புழக்கத்தில் உள்ளன. எழுத்துருவுக்கு இரண்டில் ஒன்றுதான் தெரியும் என்றால், மற்றது புள்ளியும் ரீயுமாகப் பிரிந்து அட்டையில் நிற்கும். சுவாமி பெயருக்கு முன்னாலேயே அது நடப்பதால் யாரும் மன்னிப்பதில்லை.

பழைய கொடிவழியோ பேரேடுகளோ பற்றிய நூலென்றால் பழைய எழுத்து வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பெரியார் 1935இல் குடி அரசு ஏட்டில் கையாளத் தொடங்கி, 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ளை, ணா, றா வடிவங்கள் அவை. அழகுக்காக வைப்பதில் தவறில்லை. ஆனால் ணை பழையதாகவும் னை புதியதாகவும் ஒரே தலைப்பில் வரக் கூடாது; ஒரு சில பழைய வடிவங்கள் மட்டும் கொண்ட எழுத்துருவில் இப்படித்தான் ஆகும். இளைய தலைமுறைக்குப் பழைய றாவைப் படிக்கத் தெரியாது என்பதையும் நினைவில் கொண்டால் நல்லது.

நகரத்தார் பெயர்களின் தலையெழுத்துகளுக்கு ஒரு பத்தி தனியாகவே வேண்டும். மற்ற ஊர்களில் எஸ்., கே. என்று முடிந்துவிடும், இங்கே ராம., அழ., சித., பெரி., மெய். என்று வரிசையாக நிற்கும். காரைக்குடிக் கம்பன் கழகத்தின் சா. கணேசன் பெயரில் ஒன்றுதான். மலர்க்குழுப் பட்டியலில் மூன்று நான்கு சாதாரணம். தலையெழுத்துகளுக்கு இடையே முழு இடைவெளி விட்டால் பெயர் சிதறும். இடைவெளியே விடாவிட்டால் முற்றுப்புள்ளி அடுத்த எழுத்தோடு ஒட்டும். சொல் இடைவெளியில் பாதி விடுவது சரியாக இருக்கும். தலையெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலுமாகப் பிரியாதபடி, பிரியா இடைவெளி கொடுக்க வேண்டும். மூன்று தலையெழுத்துகளைத் தனி வரியாகச் சிறிய அளவில் வைத்து, கீழே பெயரைப் பெரிதாக வைப்பதும் எடுப்பாக இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு வருவோம். எழுத்து அட்டைக்கு இரண்டு நிறம் போதும், மூன்று தாராளம். செட்டிநாடு என்றதும் ஆத்தங்குடிக் கல்லைப் படமாக ஒட்டுவதைவிட, அதன் நிறங்களை எடுத்துக்கொள்வது மேல். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையின் அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்றுமே அட்டைக்கு ஆகிவந்தவை. மஞ்சள் தரையில் கறுப்பு எழுத்து தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரியும். அரக்கில் கறுப்பு எழுத்து வேண்டவே வேண்டாம். செய்தித்தாளில் கறுப்பு வெள்ளையாக வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். அரக்கில் வெள்ளையோ வெளிர் மஞ்சளோ நன்றாக இருக்கும். ஆனால் அந்த அரக்கைச் சயான் (நீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மையாலும் கலந்து எடுத்தால், ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுப் பிளேட்டுகள் ஒரு நூலிழை விலகினாலும் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் நீலமோ சிவப்போ கசியும். சயானை விட்டுவிட்டு மெஜந்தா 100, மஞ்சள் 80, கறுப்பு 40 என்ற அளவில் எடுத்தால் கசிவு குறையும். அதைவிட உத்தமம், அரக்கைத் தனி மையாகக் கலந்து ஒரே பிளேட்டில் ஓட்டுவது; விலகுவதற்கு இன்னொரு பிளேட் இல்லை.

எழுத்தின் கறுப்பு, கறுப்பு மை மட்டுமாக இருக்க வேண்டும். வேர்டிலிருந்தோ படமாகவோ வந்த கறுப்பு நான்கு மையிலும் பிரிந்து கிடக்கும். சிறிய எழுத்து அதில் மங்கலாகும். மஞ்சள் தரைமேல் வரும் கறுப்புக்கு ஓவர்பிரிண்ட், அதாவது தரை நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடும் அமைப்பு, கொடுத்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கீற்று தெரியாது. அதே ஓவர்பிரிண்டை வெள்ளை எழுத்துக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டால், திரையில் இருந்த எழுத்து அச்சில் மறைந்தே போகும். பி.டி.எஃப்.பை அனுப்பும் முன் பிரிப்புக் காட்சியில் ஒவ்வொரு பிளேட்டையும் தனித்தனியாகப் பார்த்துவிடுவது இரண்டு நிமிட வேலை.

சிவகாசிக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பல அட்டைகளைச் சேர்த்து ஒரே தாளில் நான்கு நிறத்தில் ஓட்டும் முறை உண்டு. அதில் இரண்டு நிறம் என்பதால் செலவு குறையாது. மேலும், உங்கள் அட்டைக்கு நேர் மேலே ஒரு கல்யாணப் படம் இருந்து, அதன் முகம் வெளுக்கிறது என்று மெஜந்தாவைக் கூட்டினால், அதே பட்டையில் ஓடும் உங்கள் மஞ்சளும் சிவக்கும். நிறம் முக்கியமென்றால் தனியாக ஓட்டக் கேளுங்கள். உள்ளூரில் மினி ஆப்செட் வைத்திருப்பவரிடம் பூச்சில்லாத தடித்த வண்ண அட்டையில் ஒரே மையில் ஓட்டினால், செலவும் குறைவு, எழுத்தும் ஆழமாக விழும். படமுள்ள அட்டைக்கு அந்த வசதி கிடையாது. நூறு இருநூறு பிரதி என்றால் டிஜிட்டல்தான். அதில் தரை முழுதும் கருமையாக இருந்தால் முதுகு மடிப்பில் டோனர் (தூள் மை) வெடித்து வெள்ளைக் கோடு விழும். மடிக்கும் முன் கிரீசிங்கும் (மடிப்புத் தடம் அழுத்துவது) மேலே லாமினேஷனும் கட்டாயம்.

லாமினேஷனில் பளபளப்பில்லாத மேட் கௌரவமாக இருக்கும், ஆனால் கறுப்பு, கருநீலத் தரைகளில் நகம் பட்ட கீறலெல்லாம் காட்டிக்கொடுக்கும். அதற்கு வெளிர் தரை பொருந்தும். அட்டை 250 ஜி.எஸ்.எம்.முக்குக் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) குறைந்து, தாளின் இழை ஓட்டமும் முதுகுக்குக் குறுக்காக இருந்தால், ஒருபக்க லாமினேஷன் மழைக்காலத்தில் அட்டையைச் சுருட்டும். மலர்க்குழுவினருக்கு மிகப் பிடித்த, சூட்டில் ஒட்டும் தங்கப் ஃபாயில் பெரிய தலைப்புக்கு மட்டும். 24 பாயிண்டுக்குக் கீழே ஞகரத்தின் உள்வெளியும் கொம்பின் சுழியும் ஃபாயிலால் மூடிப்போகும். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பளபளப்புப் பூசும் ஸ்பாட் யூ.வி. அரை மி.மீ. வரை விலகலாம் என்பதால், அச்சான மெல்லிய எழுத்தின்மேல் அதை ஏற்றினால் பளபளப்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும்.

முதுகின் தடிமனை உத்தேசமாகச் சொல்லக் கூடாது. உள்ளே போகப்போகும் அதே தாளில் நூறு தாளை அடுக்கி அளந்தால் ஒரு தாளின் தடிமன் கிடைக்கும். 240 பக்கம் என்றால் 120 தாள், தாள் 0.1 மி.மீ. என்றால் 12 மி.மீ. முதுகு, அட்டையின் தடிமன் வேறு. எவ்வளவு அளந்தாலும் பைண்டிங்கில் ஒரு மி.மீ. முன்பின் ஆகும் என்பதால், முன்னட்டைக்கு ஒரு நிறம், முதுகுக்கு ஒரு நிறம் என்று மடிப்பிலேயே நிறத்தை முடிக்காதீர்கள். தரை நிறம் முதுகைச் சுற்றி ஓடட்டும். 12 மி.மீ. முதுகில் இருபுறமும் இரண்டு மி.மீ. விட்டால் மிஞ்சுவது 8. ஈகாரக் கொக்கியின் உச்சியிலிருந்து ழகரத்தின் அடிவரை அதில் அடங்க வேண்டுமென்றால் 18 பாயிண்டுக்கு மேல் போக முடியாது. எழுத்து மேலிருந்து கீழாக ஓடினால், புத்தகம் முகப்பு மேலே தெரியக் கிடக்கும்போது முதுகு நேராகப் படிக்கும். ஒவ்வொரு எழுத்தாகக் கீழே கீழே அடுக்குவது தமிழுக்கு ஒத்துவராது. நான்கு ஓரமும் வெட்டுக்கு 3 மி.மீ. கூடுதல் தரை, வெட்டுக்கோட்டிலிருந்து உள்ளே 5 மி.மீ. வரை எழுத்து இல்லாமை, முன்னட்டையில் முதுகு மடிப்பை ஒட்டிய 8 மி.மீ. பசைப் பகுதி வெறுமை ஆகியவை எல்லா அட்டைக்கும் பொதுவான விதிகள். எழுத்து அட்டையில் இவை தவறினால் மறைக்க எதுவும் இல்லை.

பின்னட்டையில் நூலின் பன்னாட்டு எண்ணான ஐ.எஸ்.பி.என். பட்டைக்குறி வெள்ளைக் கட்டத்தில் கறுப்பாக இருக்கட்டும். அரக்கு அட்டைக்குப் பொருத்தமாக அரக்கிலேயே பட்டைகளை வைத்தால், ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அவை தெரியாது. முழு அளவு 37.29 × 25.93 மி.மீ.; 80 விழுக்காடு வரை சிறிதாக்கலாம். உயரத்தை மட்டும் வெட்டிக் குறைப்பது பெரிய கடைகளில் சிக்கலாகும். இந்த எண் தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இவ்வளவும் முடிந்ததும் அட்டையை உண்மையான அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்று பாருங்கள். காரைக்குடிப் புத்தகத் திருவிழாவில் வாசகர் நிற்கும் தூரம் அது. பிறகு மூன்று செ.மீ. அகலத்தில் கறுப்பு வெள்ளையாக ஒரு பிரதி எடுங்கள். தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். சொல்லைப் படிக்காதபோதுதான் எங்கே பொத்தல், எங்கே நெரிசல் என்பது தெரியும். கடைசியாக, வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம், பள்ளிப் பிள்ளையானால் இன்னும் நல்லது, தலைப்பை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தில் வரியைத் தவறாக உடைத்திருக்கிறீர்கள்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. நூல் அறிமுகத்தில் விலை, பக்கம், பதிப்பகம் ஆகியவற்றோடு அட்டை வடிவமைத்தவர் பெயரையும், எழுத்து அட்டையானால் எழுத்துருவின் பெயரையும் ஒரு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறோம். பின்னால் மலர் போடப்போகிறவர்கள் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று அறிந்துகொள்வார்கள். மற்றது, அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பும் வழக்கத்தைத் தாங்கள் ஏற்காமல், பி.டி.எஃப். கோப்போ, ஐந்து செ.மீ. அகலத்துக்கு 600 பிக்சலுக்குக் குறையாத படமோ அனுப்பும்படி அந்தப் பகுதியின் அடியிலேயே அறிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அட்டை வடிவமைப்பையும் அச்சுக்கோப்பையும் தொழிலாகக் கொண்ட வாசகர்கள் சிலர்,
காரைக்குடி.